மூடியைத் திறந்தவள்

கருணாகரன் போனில் கேட்டது இரண்டே கேள்விதான். "இன்னா மூடி? எப்போ சொன்ன?"

நீலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். டோல்கேட் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துப்புரவு வேலை. காலையிலிருந்து இரண்டாவது மாடி வராந்தாவில் ஜன்னல் இடுக்கு வழியாக அடிக்கும் மழைத் தண்ணீரைத் துடைத்து மாளவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் கிடைத்ததே என்று புருஷனைக் கூப்பிட்டவளுக்கு இப்படி ஒரு பதில்.

"காலையில சொன்னேனேய்யா! தண்ணி வடிஞ்சதும் மூடிய இஸ்து மூடிடுன்னு சொன்னேன். நீ உம்முன்ன!"

"தூக்கத்துல நான் ஆயிரம் உம்மு சொல்லுவேன். ஏழு மணிக்கே ஓனரு கூப்ட்டு ஹார்பருக்கு, போட்டாண்ட வந்துட்டேன்மே. இங்க கயித்த அறுத்துகினு ஒண்ணோட ஒண்ணு மோதிகினு கீது. தெருவுல ஒரு ஆம்பள கெடையாது, எல்லாரும் இங்கதான்..."

லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சாவகாசமாகச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கென்ன, அவள் வீட்டு வாசலில் குழி திறந்தா கிடக்கிறது?

நடந்தது இதுதான். காசிமேட்டில் நீலா இருக்கும் தெரு கிண்ணம் போல நடுவில் தாழ்ந்த தெரு. விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மழைத் தண்ணீர் வாசற்படி தாண்டிக் கட்டில் காலைத் தொட்டுவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் அந்தத் தெருக்காரர்கள் யாருக்கும் மனு எழுதிக்கொண்டிருப்பதில்லை. கடப்பாரையை எடுத்து, நடுத்தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியை நெம்பித் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் கொடகொடவென்று உள்ளே இறங்கிவிடும். திறந்த வாயில் ஒரு மரக்கிளையை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால், அங்கே குழி என்பது நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். திறந்தவர்கள்தான் மூட வேண்டும். அதுவரை அங்கேயே நிற்க வேண்டும். எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறினதில்லை.

இன்று காலை திறந்தவள் நீலா. புருஷன் ராத்திரி முழுக்கத் துறைமுகத்தில் மீன்பிடிப் போட்டைக் கட்டிவிட்டு நாலு மணிக்கு வந்து பிணம் மாதிரிக் கிடந்தான். சரி, ஆம்பிளை எதற்கு என்று அவளே கடப்பாரையைப் போட்டு நெம்பினாள். மூடி நகர்ந்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேப்பங்கிளையை நட்டாள், பழைய சிவப்பு ஜாக்கெட் துணியைக் கட்டினாள். ஏழு மணி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் தூங்குகிறவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவனும் உம் என்றான்.

புயல் எச்சரிக்கை வந்தால் காசிமேட்டுத் தெருக்களில் ஆம்பிளை இருக்க மாட்டான். துறைமுகத்தில் கட்டிய போட்டுகள் ஒன்றோடொன்று மோதி உடையாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் நாலு பேர் ஏறிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட அங்கே தெரிந்த விஷயம். மீன்காரன் மகளாகப் பிறந்து மீன்காரனைக் கட்டிய நீலாவுக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று? வேலைக்கு லேட்டானால் அரை நாள் சம்பளம் போகும் என்ற ஒன்றுதான் அப்போது மண்டையில் ஓடியது.

போனை இடுப்பில் செருகப் போனவள் கண்ணில், பள்ளிக்கூடத்து வாட்ஸப் குரூப்பில் வந்திருந்த செய்தி பட்டது. 'கனமழை காரணமாக இன்று பள்ளி பன்னிரண்டு மணிக்கு விடப்படும்.' புயல் நாளைக்குத்தான் கரையேறும் என்று சொல்லியிருந்ததால்தான் பள்ளிக்கூடமே வைத்தார்கள். புயல் யார் பேச்சைக் கேட்கிறது? இப்போது மணி பன்னிரண்டு பத்து.

வினிதா ஆறாவது படிக்கிறாள். ராயபுரத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வருவாள். அந்தத் தெரு வழியாகத்தான் வர வேண்டும், வேறு வழி கிடையாது. அந்தக் காற்றில் வேப்பங்கிளை இன்னும் நின்றுகொண்டிருக்கும் என்று நம்ப நீலா முட்டாள் இல்லை.

டீச்சருக்குப் போட்டாள், எடுக்கவில்லை. தெருவில் இரண்டு பேருக்குப் போட்டாள், இரண்டும் அணைந்து கிடந்தன. நேற்று ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லாத தெருவில் எவள் போனில் சார்ஜ் இருக்கப்போகிறது? கூட வேலை பார்க்கும் வியாசர்பாடி ரமாபாயிடம் மாப்பைக் கொடுத்தாள்.

"இன்னாடி ஆச்சு? மூஞ்சி ஏன் வெளுத்துப்போச்சு?"

"குழி தொறந்து கீது ரமா. பொண்ணு வர்ற வழியில. நான்தான் தொறந்தேன்."

ரமாபாய் அவளைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினாள். "ஓடு. சூப்ரவைசரு கேட்டா வயித்தால போவுதுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

வெளியே வந்ததும் காற்று அவளை ஆஸ்பத்திரிக் கதவோடு சேர்த்து அறைந்தது. குடையைப் பிரித்தாள். மூன்றாவது அடியில் அது தலைகீழாகத் திரும்பிக்கொண்டு கம்பியும் துணியுமாகப் பிரிந்தது. ஓரமாக எறிந்துவிட்டு நடந்தாள். டோல்கேட்டில் ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள், ஆட்டோவும் இருந்தது, வர மட்டும் ஒருவனும் தயாராக இல்லை. "தண்ணி சைலன்சருக்கு மேல கீதுக்கா, வண்டி கலீஜ் ஆயிடும்" என்றான் ஒருத்தன். அவனோடு சண்டை பிடிக்க அவளுக்கு நேரமில்லை.

டி.எச். ரோடில் தெற்கே நடந்தாள். கணுக்காலில் இருந்த தண்ணீர் நூறு அடிக்குள் முழங்காலுக்கு வந்தது. சுடிதார் கால்களைச் சுற்றிக்கொண்டு பின்னால் இழுத்தது. மழை மேலிருந்து பெய்யவில்லை, பக்கவாட்டில் பெய்தது. கண்ணைத் திறந்தால் ஊசி ஊசியாகக் குத்தியது. கடைகளின் ஷட்டர்கள் எல்லாம் கடகடவென்று ஆடின. எங்கோ ஒரு பிளெக்ஸ் போர்டு கிழிந்து, அதில் சிரித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் பாதி முகம் ரோட்டின் குறுக்கே பறந்து போயிற்று.

வினிதா தினம் இருபது நிமிஷ வழியை முக்கால் மணி நேரமாக்குவாள். போகிற வழியில் நாய்க்குட்டி, பெட்டிக்கடை, தோழியின் தோழி என்று ஒன்று விடமாட்டாள். அதற்கு நீலா திட்டாத நாள் இல்லை. இன்று நீலா வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். என் தங்கமே, நின்னு நின்னு வாடி. ஊர்ல கீற நாய்க்குட்டி எல்லாத்தையும் கொஞ்சிட்டு வாடி.

தண்டையார்பேட்டை தாண்டும் முன்னே ரோடு மொத்தமாக ஒரே தண்ணீர்ப் பரப்பாக இருந்தது. அவள் இறங்கப் போனபோது, ஒரு டீக்கடை மேடையில் ஒண்டியிருந்தவன் கையை ஆட்டிக் கத்தினான்.

"யக்கா! அந்தப் பக்கம் போவாத! கரண்டு பொட்டி முழுகிக் கீது! இப்பத்தான் ஒரு மாடு போச்சு!"

அவன் காட்டிய பக்கம் பார்த்தாள். நடைபாதை ஓரம் இருந்த மின்சாரப் பெட்டியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கு அந்தப்புறம் ஒரு மாட்டின் வயிறு மழையில் பளபளத்துக்கொண்டிருந்தது. கால்கள் விறைத்து ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரில் வைத்த காலை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் எடுத்தாள். இத்தனை நேரம் இதே தண்ணீரில்தான் நடந்து வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் செத்தால் குழி அங்கே இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை என்று நினைத்தாள்.

கிழக்கே ஒரு சந்தில் புகுந்து கடற்கரை ஓரம் போகும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுக்குப் போனாள். அங்கே தண்ணீர் நிற்காது, ஆனால் காற்றுக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. ரோடில் கால் வைத்ததும் காற்று அவளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்தது. கருங்கல் தடுப்புக்கு மேலே கடல் எழும்பி எழும்பி விழுந்தது. நுரை ரோடு முழுக்கப் பறந்தது. உதட்டை நக்கினால் உப்பு. பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தான், அதைப் பார்த்து இப்படி ஒரு நாளும் அவளுக்கு உதறியதில்லை.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கேட் மூடியதால் மைல் கணக்கில் வரிசையாக நின்றிருந்தன. அவள் லாரிகளின் மேற்குப் பக்கமாக ஒட்டி நடந்தாள். ஒரு லாரி நீளத்துக்குக் காற்று தெரியாது. இரண்டு லாரிக்கு நடுவே இடைவெளி வரும்போது மட்டும் யாரோ இடுப்பில் உதைத்தது போல இருக்கும். குனிந்து, பம்பரைப் பிடித்து, எண்ணிக்கொண்டு, அடுத்த லாரிக்கு ஓடுவாள். இப்படி இருபது லாரி கடந்திருப்பாள். ஒரு லாரிக்குப் பக்கத்தில் வந்தபோது தலைக்கு மேலே இரும்பு முனகும் சத்தம் கேட்டது.

கேபினுக்குள்ளிருந்து டிரைவர் கண்ணாடியைத் தட்டோ தட்டென்று தட்டினான். பிறகு ஒரு விரல் அளவு இறக்கினான்.

"காலிப் பொட்டிம்மா! கவுந்துடும்! அந்தாண்ட ஓடு!"

நிமிர்ந்து பார்த்தாள். கன்டெய்னர் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, யோசித்து, மறுபடி உட்கார்ந்தது. அந்த யோசனை முடியும் வரை அவள் நிற்கவில்லை. செருப்பு ஒன்று போயிற்று. மற்றதையும் உதறிவிட்டு ஓடினாள். பின்னால் பெட்டி விழுந்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஓடும்போது கணக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு கணக்குப் போட்டது. பன்னிரண்டுக்கு விட்டிருந்தால், எவ்வளவு ஆடி அசைந்து வந்தாலும் ஒரு மணி. இப்போது மணி என்ன? போனை எடுத்தாள், திரையில் தண்ணீர் புகுந்து அது ஒன்றும் காட்டவில்லை. ஒரு மணி எப்போதோ ஆகியிருக்கும். அப்படியானால் ஆக வேண்டியது ஆகிவிட்டது, நாம் ஓடுவதே வீண் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. நடு ரோட்டில் நின்று, 'ஐயோ' என்று ஒருமுறை கத்தினாள். காற்றில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி ஓடினாள்.

அவளுக்கு யாரைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. எதிரே வந்த போலீஸ்காரர் ஏதோ சேதி சொல்லத்தான் வருகிறார் என்று பயந்தாள். அவர் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். காசிமேடு திருப்பத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அது ராயபுரம் பக்கம் போய்விட்டது. அதில் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அது யார் பிள்ளை என்று நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

தெரு முனைக்கு வந்தபோது வயிறு வரை தண்ணீர். வீடுகளின் கதவுகள் எல்லாம் பாதி முழுகியிருந்தன. மாவு மில்லுக்கு எதிரே, இரண்டு மின் கம்பத்துக்கும் நடுவில்தான் குழி. அவள் தேடிய சிவப்புத் துணி எங்கும் இல்லை. வேப்பங்கிளையும் இல்லை. பழுப்புத் தண்ணீர் ஒரே மட்டமாக, ஒன்றும் தெரியாதது போல மழையில் பொரிந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு ஆள் இருந்தார். மார்பு வரை தண்ணீரில் நின்றுகொண்டு, நீளமான மூங்கிலைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தார். விட்டு எடுத்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிக் குத்தினார்.

அது எதற்கான வேலை என்று நீலாவுக்குத் தெரியும். கடலோரத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். முழுகினவர்களைத் தேடும்போதுதான் அப்படிக் கழி விடுவார்கள்.

சுவரைப் பிடித்தாள், சுவர் வழுக்கியது. மூழ்கி எழுந்தாள். அந்தச் சாக்கடைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். "வினிதா" என்று கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் என்ன செய்வது? கூப்பிடாமல் இருக்கும் வரை பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாள். இப்படி ஒரு பைத்தியக்கார யோசனையோடு அவள் அந்த ஆளை நோக்கி நீரைத் தள்ளித் தள்ளிப் போனாள்.

"அங்கியே நில்லு!" அந்த ஆள் கத்தினார். "சுவத்தப் புடிச்சிகினு வா! பள்ளம் கீது!"

குரலைக் கேட்டுத்தான் அடையாளம் தெரிந்தது. தெரு முனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்த்துக் கொடுக்கும் முபாஷிர் பாய். கையில் இருந்தது அவர் வண்டியின் தார்ப்பாய்க்கு முட்டுக் கொடுக்கும் மூங்கில்.

"பாய்..." சுவரைப் பிடித்தபடி நெருங்கினாள். "பாய், எம்பொண்ணு... தேடறியா?"

"இன்னாது?"

"எம்பொண்ண தேடறியா?"

அவர் தன் கையில் இருந்த மூங்கிலைப் பார்த்தார். "தேடறதா? த்தூ, வாயக் கழுவு. மூடி எங்க போச்சுன்னு குத்திப் பாத்துகினு கீறேன், ஆப்டவே மாட்டேங்குது. உம்பொண்ணு ஒரு மணிக்கே வந்துச்சும்மா. கூட மூணு புள்ளைங்க. தோள்ல தூக்கி அந்தாண்ட உட்டேன். தோ, மேல பாரு."

எதிர் மாடி வீட்டின் கிரில் கம்பிக்குப் பின்னால் வினிதா பன் தின்றுகொண்டிருந்தாள். நீல ரெயின்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

நீலா அழுதாள். மூக்கும் கண்ணும் மழையும் ஒன்றாக ஒழுக, வெட்கமே இல்லாமல் ஏங்கி ஏங்கி அழுதாள். பாய் அவளை அழவிட்டுவிட்டு, தன் பாட்டுக்குக் கதையைச் சொன்னார்.

"பத்து மணிக்கு வேப்பங்கெள பறந்துச்சு. நான் வண்டிய கட்டிகினு இருந்தேன், பாத்தேன். எந்தப் பேமானி தொறந்து போட்டுட்டுப் போனான்னு தெரில. கையில கெடச்சா தேய்க்கிற பொட்டிய மூஞ்சில வச்சிடுவேன். ஆம்பளைங்க ஒருத்தனும் இல்ல, எல்லாம் போட்டாண்ட. நான் போயிட்டா எவனாச்சும் உள்ள பூடுவான். அதான் இங்கியே நிக்கிறேன். நாலு மணி நேரமாவுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்த கொஞ்சம் புடிம்மா. ஒண்ணுக்குப் போவணும். ரொம்ப நேரமா அடக்கிகினு கீறேன்."

நீலா மூங்கிலை வாங்கிக் குழி வாயின் ஓரத்தில் ஊன்றிப் பிடித்தாள். பாய் சுவரோரமாக விறைத்த கால்களை எடுத்து வைத்து, மாடிப் படியை நோக்கிப் போனார்.

அப்போதுதான் அவள் காலுக்குக் குழியின் விளிம்பு தட்டுப்பட்டது. அங்கே தண்ணீர் மேலே பார்ப்பதற்குச் சும்மாதான் கிடந்தது. அடியில் மட்டும் ஒரு இழுப்பு இருந்தது. அவள் கணுக்காலைப் பிடித்து, விடாமல், ஒரே திசையில் இழுத்தது. சுடிதார் துணி தானாக உள்ளே போய் இறுகியது. எழுபது கிலோ உடம்பு அவளுக்கு. அவளே பல்லைக் கடித்துக்கொண்டு மூங்கிலில் தொங்க வேண்டியிருந்தது. வினிதா இருபத்தெட்டு கிலோ. வழியெல்லாம் பட்ட பயம் ஒன்றுமே இல்லை என்று ஆகும்படி ஒரு பயம் அவளை இப்போது பிடித்தது, பிள்ளை பத்திரமாக மேலே பன் தின்றுகொண்டிருக்கும்போது.

"யம்மா!" வினிதா கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினாள். "மேல வாம்மா! எவனோ தொறந்து வெச்சதுக்கு நீ இன்னாத்துக்கு நிக்கிற?"

காலை ஐந்தரைக்கு இருட்டு. எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரையோடு நின்ற நீலாவை யாரும் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால், திறந்தவன் எவனோ ஒரு பேமானியாகவே இருந்துவிட்டுப் போவான். பாய் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்.

"நான்தாண்டி தொறந்தேன்" என்றாள்.

"இன்னா? கேக்கலம்மா!"

"நான்தாண்டி!" தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "நான்தான் தொறந்து போட்டுட்டு வேலைக்குப் போனேன்!"

வினிதா வாயில் பன்னை வைத்தபடி நின்றுவிட்டாள். இரண்டு மூன்று ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. மாடிப் படியில் ஒரு காலை வைத்திருந்த முபாஷிர் பாய் மெதுவாகத் திரும்பினார். அவர் உதடு நீலம் பூத்திருந்தது, தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளையும், அவள் கையில் ஆடும் மூங்கிலையும் பார்த்தார். வரப்போகும் வசவுக்கு அவள் தயாராக நின்றாள்.

"ரெண்டு கையாலயும் புடி" என்றார் பாய். "இஸ்துடும்."